மலைக்காரங்க கொண்டாந்த சீக்கு

இது நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பொங்கல் முடிந்து கரும்பு வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்த தை மாதம். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், கோமுகி அணைத் தண்ணீர் பாயும் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊரில் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் உட்கார வைத்துச் சாப்பாடு போடும் வீடுகள் இருக்கின்றன. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போகும் வீடுகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் காரணம் ஒரே ஒரு காலை நேரம்தான்.

நான் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போகிறவர்கள் எந்த மாதிரி இடத்தில் தங்குகிறார்கள், அந்த இடமும் அக்கம்பக்கமும் அவர்கள் உடம்பை என்ன பாடு படுத்துகின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. கேட்க மிடுக்காக இருக்கும். திருநாவலூர் பக்கம் இருக்கும் என் அம்மாவுக்கு இதை விளக்கிச் சொன்னபோது, "வூடு வூடா போயி வயித்தால போவுதான்னு கேக்கறதுக்கா இவ்ளோ படிப்பு படிச்ச?" என்றார். அம்மா சொன்னதில் பெரிதாகத் தப்பில்லை. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதுவும் அம்மா சொன்னதுதான்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் இருக்கும் சின்னச் சின்ன ஊர்களிலிருந்து வருஷா வருஷம் குடும்பங்கள் கீழே இறங்கும். மலையில் சாமை அறுவடை முடிந்ததும் மேஸ்திரி ஒருவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார். வெட்டு முடியும்வரை கீழேதான் வாசம். வெட்டி முடித்த வயலின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொள்வார்கள். சோகை என்று சொல்லும் காய்ந்த கரும்புத் தோகைதான் கூரை, மேலே நீலத் தார்ப்பாய். கதவு என்று எதுவும் கிடையாது. நான் அந்தக் குடிசைகளுக்கும் ஊருக்குள் இருக்கும் வீடுகளுக்கும் மாறி மாறிப் போய், யாருக்கு என்ன நோவு, எங்கே தண்ணீர், எங்கே கழிப்பிடம், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஊரில் தெருக்குழாய் இருந்தது. ஆனால் குடிசைக்காரர்கள் அதில் தண்ணீர் பிடிக்க முடியாது. கூடாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. மலைக்காரப் பெண் ஒருத்தி குடத்தை வைத்தால் ஊர்ப் பெண்கள் எல்லாரும் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நிற்பார்கள். அவள் பிடித்துவிட்டுப் போனதும் குழாயைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். ஒரு தடவை அதைப் பார்த்தவர்கள் மறு தடவை போவார்களா? அதனால் வயல் நடுவில் இருந்த போர் மோட்டார்தான் குடிசைகளுக்குக் கதி. அதற்குக் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. என்னோடு பேசிக்கொண்டே இருப்பார்கள். மோட்டார் சத்தம் கேட்டதும் பாதிப் பேச்சில் என்னை விட்டுவிட்டுக் குடத்தோடு ஓடுவார்கள். முதல் வாரம் எனக்குக் கோபம் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து நானும் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன்.

அந்தக் குடிசைகளில் ஒரு பெண் நிறைமாதமாக இருந்தாள். இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும். என்னை "யக்கா" என்றுதான் கூப்பிடுவாள். அந்த நிலையில் ஏன் மலையை விட்டு இறங்கி வந்தாள் என்று கேட்டேன். மாமியார்கூட வேண்டாம் என்றுதான் சொன்னாராம். இவள் கேட்கவில்லை. முதல் பிரசவத்தின்போது வலி வந்து, ஜீப்புக்குச் சொல்லிவிட்டு, அது வந்து சேர்ந்து, மலைப்பாதையில் வளைவு வளைவாக இறங்கிக்கொண்டிருக்கும்போதே குழந்தை பிறந்து, அங்கேயே போய்விட்டது. கீழே இருந்தால் டவுன் பஸ் ஏறினால் ஆஸ்பத்திரி.

"கரும்பு வெட்டவா வந்தேன்னு நெனக்கிற? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல குந்திக்கினு இருக்க வந்தேங்க்கா" என்றாள்.

கரும்பு வெட்டும் கத்தி அவள் புருஷன் கையில்தான். இவளுக்கு அந்தத் தார்ப்பாயின் கீழே கொஞ்சம் இடம் வேண்டும், அவ்வளவுதான். வேலை தேடி இடம் பெயர்கிறவர்களைப் பற்றி எவ்வளவோ படித்திருந்தேன். ஒரு பிள்ளையை உயிரோடு பெற்றெடுப்பதற்காகவே இடம் பெயர்ந்த ஒருத்தியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் ஊரில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது.

முதலில் படுத்தது மேஸ்திரி. பிறகு கீழத்தெருவில் வரிசையாகக் குழந்தைகள். டவுன் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்காமல் வராண்டாவில் பாய் போட்டுப் படுக்க வைத்தார்கள். கீழத்தெருவில் ஒரு பெரியவர் இறந்தே போனார். ஊர் நடுங்கிப்போனது. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். இடுப்பில் துவண்டு கிடக்கும் குழந்தையோடு ஒரு தாய் பஸ்ஸுக்கு நிற்பதை நானும்தான் பார்த்தேன்.

ஆனால் பயந்தவர்களுக்கு உடனே ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. டீக்கடையில் யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு. மலைக்காரங்க கொண்டாந்த சீக்கு. முதலில் படுத்தது யார்? மேஸ்திரி. மேஸ்திரி எந்த ஊர்? மலை. அதோடு வழக்கு முடிந்தது, தீர்ப்பும் எழுதியாயிற்று. மறுநாள் காலை குடிசைகளைக் காலி பண்ண வைத்து, எல்லாரையும் டிராக்டரில் ஏற்றி மலை அடிவாரத்தில் இறக்கிவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

எனக்கு வேறு ஒரு சந்தேகம் இருந்தது. வீடு வீடாக நடந்தவள் நான். சீக்கு பள்ளிக்கூட முனையோடு நின்றுபோயிருந்தது. முனைக்கு மேற்கே இருக்கும் மேலத்தெருவில் ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. முனைக்குக் கீழே வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். இரண்டு தெருவுக்கும் ஒரே தொட்டித் தண்ணீர்தான். அப்படியானால் பள்ளிக்கூட முனையைத் தாண்டித்தான் குழாயில் ஏதோ ஆகியிருக்க வேண்டும். ஊர்த் தலைவரைத் தேடிப் போய்ச் சொன்னேன். "பைப்பெல்லாம் நல்லாத்தான் கீது மேடம், நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்.

என் ஆய்வுக்குத் தலைவராக இருந்தவருக்குப் போன் செய்தேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் ஆராய்ச்சிக்காரர்கள் பார்க்க வேண்டும், எழுத வேண்டும், தலையிடக் கூடாது, தலையிட்டால் ஊரில் யாரும் நமக்கு வாய் திறக்க மாட்டார்கள், இத்தனை நாள் உழைப்பும் வீண் என்றார். சுகாதாரத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு ஒதுங்கி இரு என்றார். தகவல் சொன்னேன். ஒதுங்கி இருக்கும் பகுதி மட்டும் எனக்கு வரவில்லை. நோயாளிகளை எண்ணுவதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, கண்ணெதிரில் நிறைமாதக்காரியை டிராக்டரில் ஏற்றுவதையும் எண்ணிக்கொண்டு வா என்றால் எப்படி?

காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது டிராக்டர் வந்து நின்றுவிட்டது. ஊர் ஆண்கள் கூட்டமாக நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் பெண்கள். முன்னால் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர் ஊரிலேயே பெரிய கரும்புக்காரர். அவருடைய கரும்பு முழுக்க வெட்டி ஆலைக்குப் போய்விட்டது. இன்னும் வெட்டாத கரும்பு வைத்திருந்தவர்கள் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். குடிசைக்காரர்களில் சிலர் பேசாமல் தட்டுமுட்டுச் சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தார்கள். கட்டுவதும் பிரிப்பதும் அவர்களுக்குப் பழகிப்போன வேலை.

அந்தப் பெண் மட்டும் மூட்டை கட்டவில்லை. குடிசையிலிருந்து வெளியே வந்தாள். டிராக்டருக்கு முன்னால் போய், ஒரு கையைத் தரையில் ஊன்றி, மெதுவாக உட்கார்ந்தாள்.

"எழுந்திரும்மா. வயித்துப் புள்ளக்காரி. உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம், உங்க ஊருக்கே போயிடுங்க" என்றார் கரும்புக்காரர்.

"போவ மாட்டேங்க. எம் மொதப் புள்ள அந்த ரோட்டுலதான் செத்துச்சு. இத்தயும் கொண்டும்போயி அங்கயே குடுக்கச் சொல்றீங்களா?"

கூட்டத்தில் யாரோ ஒருவன் வண்டியை ஸ்டார்ட் பண்ணுடா என்றான். டிராக்டர் உறுமியது. அவள் அசையவில்லை. அதற்குமேல் நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. போய் அவள் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாள் பாய்ச்சிய தண்ணீர் அங்கே தேங்கியிருந்தது; என் சுடிதார் முழுக்கச் சேறு. அதுவரை "மேடம் மேடம்" என்று பேசியவர்கள், "இந்தாம்மா, உனக்கு இன்னா வேல இங்க?" என்றார்கள். உட்காருவதுதான் வேலை என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பதில்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

டிரைவர் நல்லவன். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் பீடி பற்ற வைத்தான்.

சத்தம் அடங்கியதும் பள்ளிக்கூட முனையைப் பற்றி நான் உரக்கச் சொல்ல ஆரம்பித்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. படித்தவள் என்னவோ சொல்கிறாள் என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். அப்போது அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கரும்புக்காரரைப் பார்க்கவில்லை, பின்னால் நின்றிருந்த ஊர்ப் பெண்களைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"நாங்க கொண்டாந்த சீக்குன்றீங்களே. உங்க கொழாயத் தொடவுட்டீங்களா எங்கள? உங்க தண்ணி ஒரு சொட்டு எங்க வாயில பட்டுதா? எங்க கொடத்தக் கண்டாலே உங்க கொடத்தத் தூக்கிக்கினு போயிடுவீங்க. எங்க கையி படாத தண்ணியில எங்க சீக்கு எப்பிடிங்க பூந்துச்சு? பாருங்க, இங்க எந்தப் புள்ளையாவது படுத்துக்கினு கீதா?"

எல்லாரும் குடிசைகளைப் பார்த்தார்கள். சட்டை போடாத பிள்ளைகள் சோகைக் குவியல்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன. ஊரில் பாதிப் பிள்ளைகள் ஆஸ்பத்திரி வராண்டாவில் கிடந்தன.

"அப்போ மேஸ்திரி?" என்றார் கரும்புக்காரர். "அவனுக்குத்தான மொதல்ல வந்துச்சு? அவன் மலைக்காரன்தான?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. மேஸ்திரி எங்கே படுத்துக்கொள்கிறார் என்று கேட்டேன். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? கீழத்தெருவில் அந்தக் கரும்புக்காரருடைய உர ஷெட்டில்தான். சாப்பாடு? அவர் வீட்டிலிருந்து. தண்ணீர்? அதே தெருக்குழாயில்தான். மலையிலிருந்து வந்த அத்தனை பேரிலும் ஊர்க்குழாய்த் தண்ணீர் குடிக்க அனுமதி இருந்தது அந்த ஒரு ஆளுக்குத்தான். அத்தனை பேரிலும் படுத்தது அந்த ஒரே ஆள்தான்.

கூட்டத்திலிருந்து கீழத்தெருப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். இடுப்பில் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் கூட்டிவந்திருந்தாள். கையில் ஊசி குத்திய பிளாஸ்திரி அப்படியே இருந்தது. "எங்கேர்ந்து வந்துதுன்னு தெரியுமா உனக்கு? தெரிஞ்சா வந்து காட்டு" என்றாள் என்னிடம். கோபமாகத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் காலையில் சரியான கேள்வி கேட்ட ஊர்க்காரர் அவள் ஒருத்திதான்.

எனக்குத் தெரியாது. சந்தேகம் மட்டும்தான். இருந்தாலும், வாங்க பார்க்கலாம் என்று நடந்தேன். ஒன்றும் கிடைக்காவிட்டால் நிறைமாதக்காரிக்கு மலை ரோடு, எனக்குக் கள்ளக்குறிச்சி பஸ்.

பள்ளிக்கூட முனையைத் தாண்டினால் சாக்கடையின் குறுக்கே ஒரு சின்னப் பாலம். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் எல்லாம் அதன்மேல்தான் போகும். பாலத்தின் ஓரம் இடிந்திருந்தது. குழாய் அந்தச் சாக்கடைக்குள்ளேயே போகிறது. எட்டிப் பார்த்தோம். கறுப்புத் தண்ணீரில் ஒரு இடத்தில் மட்டும் குமிழி குமிழியாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

தண்ணி திறந்துவிடுகிறவரும் கூட்டத்தில் இருந்தார். வால்வை மூடுங்கள் என்றேன். அவர் கூட்டத்தில் நின்ற ஊர்த் தலைவரின் முகத்தைப் பார்த்தார். குழந்தைக்காரி "மூடுய்யா" என்று ஒரு அதட்டல் போட்டாள். ஓடிப்போய் மூடினார். கொஞ்ச நேரத்தில் கொப்பளிப்பு நின்றது. பிறகு அதே இடத்தில் சாக்கடைத் தண்ணீர் சின்னதாகச் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்க ஆரம்பித்தது. தண்ணீர் வரும் நேரத்தில் குழாய் சாக்கடையில் ஒழுகுகிறது, நிறுத்திய பிறகு சாக்கடையை உறிஞ்சிக்கொள்கிறது. மறுநாள் காலை திறந்ததும் முதலில் குடத்தில் விழுவது அதுதான். விளக்கமே தேவைப்படவில்லை. அந்தச் சுழிப்பை எல்லாரும் பார்த்தார்கள்.

குழந்தைக்காரி பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே குமட்டினாள்.

யாருடைய டிராக்டர் ஏறி உடைந்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருடையதும் அந்த வழியாகத்தான் போகிறது. மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை. கூட்டம் ஒன்றிரண்டாகக் கலைந்தது. ஏற்றிப்போக வந்த டிராக்டர், போகிற போக்கில் ஒரு நடை கரும்பு ஏற்றிக்கொண்டு போனது. மூட்டை கட்டியவர்கள் அவிழ்த்தார்கள். மத்தியானம் சுகாதாரத்துறை ஆட்கள் வந்து கீழத்தெருக் குழாயை அடைத்து, சரிபண்ணும்வரை அதில் பிடிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. குழாய் அடைத்தாயிற்று. கீழத்தெருவுக்குத் தண்ணீர்? மேலத்தெருக் குழாயில் அடிதடி. மறுநாள் வயலில் மோட்டார் சத்தம் கேட்டதும் குடிசைப் பெண்கள் வழக்கம்போல ஓடினார்கள், நானும் ஓடினேன். நிமிர்ந்து பார்த்தால் வரப்பில் கீழத்தெருப் பெண்கள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். கிட்டே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. கடைசியில் அவர்களில் ஒருத்தி குரல் கொடுத்தாள்: "நாங்க ஊர்க்காரங்க மொதல்ல புடிச்சிக்கினு போயிடறோம். அப்பால நீங்க புடிங்க."

குடிசைப் பெண்களில் இரண்டொருவர் பழக்கதோஷத்தில் குடத்தை எடுக்கக் குனிந்தார்கள். நிறைமாதக்காரியின் குடம் குழாய் வாயில் இருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வாங்க. யாரு வேணாம்னது? வரிசையில வாங்க" என்றாள்.

யாராவது குடத்தைத் தூக்கி எறிவார்களோ என்று நான் எல்லாரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் வந்தது அந்தக் குழந்தைக்காரிதான். குடத்தைக் கொண்டுவந்து கடைசி ஆளுக்குப் பின்னால் வைத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. மூன்று நான்கு பேர் வெறுங்குடத்தோடு திரும்பிப் போனார்கள். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே நின்றார்கள். வரிசை வரப்பு வரைக்கும் நீண்டது. அந்தக் குழாயை யாரும் புளி போட்டுத் தேய்க்கவில்லை.

குழாய் சரியான அன்று குடிசைப் பெண்கள் கீழத்தெருவுக்கே குடத்தோடு போனார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சிலர் குடத்தை எடுத்துக்கொண்டு விலகிப் போனார்கள். போகட்டும். மற்றவர்கள் நின்றார்கள். வரிசை நகர்ந்தது, தண்ணீர் வந்தது.

அவளுக்கு டவுன் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பஸ்ஸில்தான் போனாள். போய்ப் பார்த்தபோது, "நல்லா கத்துதுக்கா இது" என்று பெருமையாகச் சொன்னாள். அது கத்தியதில் எனக்கும் பரம சந்தோஷம்.

என் ஆய்வுத் தலைவர் சொன்னதும் பொய்யில்லை. அதன் பிறகு ஊரில் பல வீடுகள் எனக்குப் பதில் சொல்ல மறுத்தன. நிறுவனத்தில் விளக்கம் கேட்டார்கள். டிராக்டர் முன்னால் உட்கார்ந்ததையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். கொஞ்சம் மாற்றி எழுதித் தரச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். வேலை போகவில்லை. போயிருந்தாலும் அந்த வரியை மாற்றியிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களுக்குப் போய்விட்டேன். செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடம், பனியன் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் சந்து என்று எங்கெங்கோ. ஊர்தான் மாறும், பேச்சு மாறாது: வெளியிலேர்ந்து வந்தவங்கதான் சீக்கைக் கொண்டுவந்தாங்க. அப்படி யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய பதவியில் இருப்பவர் சொன்னாலும், இன்றுவரை நான் அவர்களிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: வந்தவர்களுக்கு நீங்கள் எந்தக் குழாயில் தண்ணீர் கொடுத்தீர்கள்?